சிறுவர் நீரிழிவும் கற்றலும்

சிறுவர் நீரிழிவு என்பது குழந்தைப் பருவத்திலும் வளரிளம் பருவத்திலும் தோன்றும் நீரிழிவு நோயைக் குறிக்கும். இவ்வயதினரிடம் பெரும்பாலும் காணப்படுவது, கணையம் இன்சுலினைச் சுரக்கும் ஆற்றலை இழந்துவிடும் முதலாம் வகை நீரிழிவு ஆகும். இந்நோய் உள்ள குழந்தை நாள்தோறும் பலமுறை குருதிச் சர்க்கரையை அளந்து, இன்சுலினை ஊசி வழியாகவோ இன்சுலின் ஏற்றி வழியாகவோ எடுத்துக்கொள்ள வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ பாதியைக் குழந்தை பள்ளியிலேயே கழிப்பதால், நோயைப் பேணும் பணியில் பாதியும் பள்ளியிலேயே நடைபெற வேண்டியுள்ளது.

நீரிழிவு குழந்தையின் கற்கும் திறனை அழித்துவிடுவதில்லை. ஆயினும் குருதிச் சர்க்கரை மிகத் தாழ்வதும் மிக உயர்வதும் கவனம், நினைவு, சிந்தனை வேகம் ஆகியவற்றைக் குறைக்கின்றன. மருத்துவமனைப் பயணங்கள் பள்ளி வருகையைக் குறைக்கின்றன. பள்ளியின் நேர ஒழுங்குகளும் தேர்வு விதிகளும் சில வேளைகளில் சிகிச்சைக்குத் தடையாகின்றன. இம்மூன்றும் பெருமளவு திருத்தக் கூடியவை. இக்கட்டுரை இந்நோய்க்கும் கற்றலுக்கும் உள்ள தொடர்பைப் பொதுவாகவும், கடலூர் மாவட்டத்தின் கீரப்பாளையம் போன்ற ஊர்ப்புறச் சூழலை முன்வைத்துச் சிறப்பாகவும் விளக்குகிறது.

## வகைகள்

முதலாம் வகை: உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு, கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா உயிரணுக்களைத் தானே தாக்கி அழிப்பதால் உண்டாகிறது. இனிப்பு மிகுதியாக உண்பதனாலோ, பெற்றோரின் கவனக்குறைவினாலோ இது வருவதில்லை. இன்சுலின் இன்றி இந்நோயாளர் உயிர்வாழ இயலாது.

இரண்டாம் வகை: இன்சுலின் சுரந்தும் அதற்கு உடல் போதிய அளவு இணங்காத நிலை. முன்பு பெரியவர்களுக்கே உரியதாகக் கருதப்பட்ட இவ்வகை, இப்பொழுது உடற்பருமன் மிகுந்த வளரிளம் பருவத்தினரிடமும் காணப்படுகிறது.

ஒற்றை மரபணு வகை: ஒரே ஒரு மரபணுவில் ஏற்படும் மாற்றத்தினால் வருவது. பிறந்த ஆறு மாதங்களுக்குள் நீரிழிவு தோன்றினால் இவ்வகையே என ஐயுற வேண்டும். இவ்வகையில் சில, மூளை வளர்ச்சியையும் நேரடியாகப் பாதிக்கக்கூடியவை. மரபணுச் சோதனையால் உறுதிசெய்யப்பட்ட குழந்தைகள் சிலருக்கு ஊசியைக் கைவிட்டு மாத்திரைக்கு மாற இயலும்.

பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2021 ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 20 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 2.29 இலட்சம் பேர் முதலாம் வகை நீரிழிவுடன் வாழ்கின்றனர். அம்மதிப்பீட்டில் இந்த எண்ணிக்கையே உலக நாடுகளில் மிக உயர்ந்தது. இனி இக்கட்டுரையில் கூறப்படுவன பெரும்பாலும் இவ்வகை பற்றியனவே.

## வரலாறு

சிறுநீர் இனிப்பாகும் நோயைப் பண்டைய இந்திய மருத்துவ நூல்கள் மதுமேகம் எனக் குறித்தன. சித்த மருத்துவத்திலும் நீரிழிவு, மதுமேகம் ஆகிய பெயர்கள் வழங்குகின்றன. எனினும் 1922 ஆம் ஆண்டு வரை இந்நோய் கண்ட குழந்தைகளுக்கு எங்கும் உரிய மருந்து இருக்கவில்லை. உணவை மிகக் கடுமையாகக் குறைத்து உயிரைச் சில மாதங்களோ சில ஆண்டுகளோ நீட்டிப்பதே செய்யக்கூடியதாக இருந்தது. எனவே அந்நாளில் இக்குழந்தைகளின் கல்வி பற்றிய கேள்வியே எழவில்லை.

1921 ஆம் ஆண்டு கனடாவின் டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் பிரெடரிக் பாண்டிங், சார்லஸ் பெஸ்ட் ஆகியோர் கணையச் சாற்றிலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். ஜான் மெக்லியாட், ஜேம்ஸ் காலிப் ஆகியோர் அப்பணியில் துணைநின்றனர். 1922 சனவரியில் 14 வயதுச் சிறுவனான லெனார்ட் தாம்சனுக்கு முதன்முதலாக அது செலுத்தப்பட்டது. அதே ஆண்டில் சிகிச்சை பெற்ற எலிசபெத் யூசு என்னும் சிறுமி, பின்னர் நியூயார்க்கில் உள்ள பர்னார்டு கல்லூரியில் பயின்று 1929 இல் பட்டம் பெற்று, 1981 வரை வாழ்ந்தார். இன்சுலின் கிடைத்தால் இக்குழந்தைகள் உயிர் வாழ்வர், உயர்கல்வியும் பெறுவர் என்பதற்கு அவர் தொடக்ககாலச் சான்று.

நீரிழிவு உள்ளோரின் நினைவையும் கவனத்தையும் உளவியல் சோதனைகளால் அளந்த முதல் ஆய்வும் 1922 இலேயே வெளிவந்தது. அதனைச் செய்தவர்கள் அமெரிக்க ஆய்வாளர்களான மைல்சு, ரூட் ஆகியோர் ஆவர்.

தமிழ்நாட்டில் நீரிழிவு மருத்துவத்தின் முன்னோடியான மருத்துவர் எம். விசுவநாதன், 1948 ஆம் ஆண்டில் சென்னை இசுடான்லி மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவையும், 1954 ஆம் ஆண்டில் இராயபுரத்தில் தனி மருத்துவமனையையும் தொடங்கினார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2006 ஆம் ஆண்டில் இளம் வயது நீரிழிவாளர் பதிவேட்டைத் தொடங்கியது. 2022 ஆம் ஆண்டில் முதலாம் வகை நீரிழிவுக்கெனத் தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

பாண்டிங் பிறந்த நாளான நவம்பர் 14, உலக நீரிழிவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. இந்தியாவில் அதே நாள் குழந்தைகள் நாளாகவும் அமைந்துள்ளது.

## மூளையும் குளுக்கோசும்

மூளையின் முதன்மை எரிபொருள் குளுக்கோசு ஆகும். மூளை அதனைச் சேமித்து வைக்கும் அளவு மிகக் குறைவு. ஆகையால் குருதி வழியே அது இடையறாது வந்துகொண்டிருக்க வேண்டும். பெரியவர்களின் மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே ஆயினும், உடலின் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைச் செலவிடுகிறது. குழந்தைகளிடம் இப்பங்கு மேலும் பெரிது. 5 வயதளவில் அன்றாட ஆற்றல் தேவையில் 40 விழுக்காட்டுக்கும் மேல் மூளைக்கே செல்கிறது. எழுத்தும் எண்ணும் கற்கத் தொடங்கும் அவ்வயதில் குளுக்கோசு வரத்து தடைப்பட்டால், அதன் விளைவு வகுப்பறையிலேயே வெளிப்படும்.

### தாழ் சர்க்கரை

குருதிச் சர்க்கரை 70 மி.கி./டெசிலீட்டர் அளவுக்குக் கீழே செல்வது தாழ் சர்க்கரை எனப்படும். 54-க்குக் கீழே செல்வது கடுமையாகக் கருதப்பட வேண்டியது. செலுத்திய இன்சுலினுக்கு ஈடாக உணவு உண்ணாமை, உணவு தாமதமாதல், வழக்கத்தை விட மிகுதியாக ஓடி ஆடுதல் ஆகியன இதற்குப் பொதுவான காரணங்கள்.

இதன் அறிகுறிகள் நடுக்கம், வியர்வை, பசி, முகம் வெளிறுதல், காரணமற்ற சினம் அல்லது அழுகை, கண் மங்குதல், பேச்சுத் தடுமாற்றம் முதலியன. இவற்றுள் சில, பார்ப்பவருக்குக் குறும்பாகவோ சோம்பலாகவோ தோன்றக்கூடும். கரும்பலகையைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும் மாணவன் கேட்ட கேள்விக்கு விடை கூறாதது, அவன் பாடத்தைக் கவனிக்காததனால் அன்றி, அவனது மூளைக்கு அந்நேரம் போதிய எரிபொருள் இல்லாததனாலும் இருக்கலாம். சர்க்கரை அளவு சீரான பின்னரும் சிந்தனைத் திறன் முழுமையாக மீள ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆகலாம். அதாவது ஒரு தாழ் சர்க்கரை நிகழ்வு மாணவனிடமிருந்து ஒரு பாடவேளையை முழுமையாகவே பறித்துவிடுகிறது.

### உயர் சர்க்கரை

சர்க்கரை அளவு ஏறத்தாழ 180 மி.கி./டெசிலீட்டரைக் கடக்கும்போது, சிறுநீரகம் அதனைச் சிறுநீர் வழியே வெளியேற்றத் தொடங்குகிறது. அதனால் அடிக்கடி சிறுநீர் கழித்தலும் தீராத் தாகமும் உண்டாகின்றன. களைப்பு, தலைவலி, பார்வை மங்கல் ஆகியனவும் சேர்ந்துகொள்கின்றன. வகுப்பில் இருந்து பலமுறை வெளியே செல்ல இசைவு கேட்கும் மாணவன் பாடத்தைத் தட்டிக்கழிப்பவனாகத் தவறாக எண்ணப்படுவதுண்டு.

2009 ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நீரிழிவு உள்ள சிறுவர்கள் கையடக்கக் கணினியில் எளிய கணக்குகளைச் செய்து, அதே நேரத்தில் தமது சர்க்கரையையும் அளந்தனர். சர்க்கரை மிகத் தாழ்ந்திருந்த வேளைகளிலும் மிக உயர்ந்திருந்த வேளைகளிலும் கணக்குகளைச் செய்து முடிக்க அவர்களுக்குக் கூடுதல் நேரம் தேவைப்பட்டது. ஒரே குழந்தை நாளின் வெவ்வேறு நேரங்களில் வெவ்வேறு வேகத்தில் இயங்குவதை இவ்வாய்வு காட்டியது.

### கீட்டோன் அமிலத்தேக்கம்

இன்சுலின் இல்லாதபோது உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்குவதால், கீட்டோன்கள் என்னும் அமிலப் பொருள்கள் குருதியில் தேங்குகின்றன. வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த மூச்சு, நினைவு மங்கல் ஆகியவற்றுடன் வரும் இந்நிலை உயிருக்கே தீங்கானது. நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே இந்நிலையை அடைந்து மருத்துவமனைக்கு வரும் குழந்தைகள் பலர். கடுமையான அமிலத்தேக்கத்துக்கு ஆளான குழந்தைகள், பின்னர் நடத்தப்படும் நினைவு, அறிதிறன் சோதனைகளில் சற்றுப் பின்தங்குவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகையால் நோயைக் காலத்தே கண்டறிதல் உயிரைக் காப்பதுடன், கற்கும் திறனையும் காக்கிறது.

## நெடுங்கால ஆய்வு முடிவுகள்

2008 ஆம் ஆண்டில் பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த ஓர் அறிக்கை, முதலாம் வகை நீரிழிவு உள்ள சிறுவர்களின் அறிதிறன் மதிப்பெண்கள் மற்றவர்களுடையதை விடச் சற்றே தாழ்ந்திருப்பதாகக் கண்டது. வேறுபாடு மிகச் சிறியது. நோய் மிக இளம் வயதில், குறிப்பாகப் பள்ளி செல்லும் வயதுக்கு முன்பே தொடங்கியவர்களிடம், கற்றல், நினைவு ஆகியவற்றில் அவ்வேறுபாடு சற்றுக் கூடுதலாக இருந்தது.

பள்ளி மதிப்பெண்களைப் பொறுத்தவரை முடிவுகள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன:

* சுவீடனில் 2007, 2013 ஆகிய ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள், நீரிழிவு உள்ள மாணவர்களின் இறுதி வகுப்பு மதிப்பெண்கள் சிறிதளவு குறைந்திருந்ததைக் காட்டின.
* டென்மார்க்கில் 2019 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு 6,31,620 பள்ளி மாணவர்களின் தேர்வு முடிவுகளை ஒப்பிட்டது. அவர்களுள் 2,031 பேர் முதலாம் வகை நீரிழிவு உள்ளோர். வாசிப்பிலும் கணிதத்திலும் இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.
* வேல்சு நாட்டில் 2022 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், நீரிழிவு உள்ளோர் கூடுதலான பள்ளி வேளைகளை இழந்திருந்தும், 16 வயதில் எழுதும் தேர்வில் ஒட்டுமொத்தமாகப் பின்தங்கவில்லை. ஆனால் சர்க்கரைக் கட்டுப்பாடு குன்றியோரின் மதிப்பெண்கள் தாழ்ந்திருந்தன.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை நடைபெற்ற பெரும் ஆய்வொன்றில் பங்குகொண்டோர், சராசரியாக 18 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டனர். இவர்கள் ஆய்வில் சேர்ந்தபோது 13 வயதும் அதற்கு மேற்பட்டும் இருந்தவர்கள். கடுமையான தாழ் சர்க்கரை நிகழ்வுகள் இவர்களின் அறிதிறனை நிலையாகக் குறைக்கவில்லை என்று 2007 இல் வெளியான முடிவு கூறியது. சர்க்கரை பல்லாண்டுகள் உயர்ந்தே இருந்தவர்களிடம் மட்டும் செயல் வேகத்தில் சிறு குறைவு தென்பட்டது. இம்முடிவை மிக இளங்குழந்தைகளுக்கு அப்படியே பொருத்துதல் ஆகாது.

இவ்வாய்வுகளை ஒருசேர நோக்கினால், நோய் இருப்பதனால் மட்டுமே மதிப்பெண் குறைவதில்லை என்பது புலனாகும். சிகிச்சையும் பள்ளி ஆதரவும் எளிதாகக் கிடைக்கும் நாடுகளிலேயே இவ்வாய்வுகள் நடந்தன என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும். அவை கிடைக்காத இடங்களில் பாதிப்பு கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு.

## ஊர்ப்புறச் சூழல்: கீரப்பாளையம்

கீரப்பாளையம், கடலூர் மாவட்டத்தில் சிதம்பரத்துக்கு அருகே, சேத்தியாத்தோப்புக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர். இதே பெயருடைய ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமும் இதுவே. சுற்றுவட்டாரம் நெல் விளையும் வேளாண் பகுதியாகும். இத்தகைய ஓர் ஊரில் நீரிழிவு உள்ள குழந்தை பள்ளியில் பயிலும்போது பின்வரும் சூழல்கள் கற்றலோடு தொடர்புபடுகின்றன.

### மருத்துவமனைத் தொலைவு

அருகில் உள்ள பெரிய மருத்துவமனை சிதம்பரத்தில் உள்ளது. 1985 ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இராசா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கப்பட்ட அது, பின்னர் தமிழ்நாடு அரசின் நலவாழ்வுத் துறையின் கீழ்க் கொண்டுவரப்பட்டுக் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆயிற்று. கடலூரில் அரசு தலைமை மருத்துவமனையும், புதுச்சேரியில் ஜிப்மர் மருத்துவமனையும் உள்ளன. எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் குழந்தைக்கு ஒரு பள்ளி நாளும், உடன் செல்லும் பெற்றோருக்கு ஒரு நாள் கூலியும் இழப்பாகின்றன. நடவு, அறுவடைக் காலங்களில் இவ்விழப்பைத் தாங்க இயலாத குடும்பங்கள் சோதனையைத் தள்ளிப்போடுகின்றன.

அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் விலையின்றி வழங்கப்படுகிறது. ஆனால் சர்க்கரையை அளக்கும் கருவிக்குரிய சோதனைப் பட்டைகளின் செலவு பல குடும்பங்களின் மேல் விழுகிறது. ஆகவே நாளுக்கு நான்கைந்து முறை அளக்க வேண்டிய குழந்தை ஒருமுறை மட்டுமே அளக்கும் நிலை ஏற்படுகிறது. அளக்காத நாளில், பிற்பகல் வகுப்பில் வரும் மயக்கம் தாழ் சர்க்கரையினாலா உயர் சர்க்கரையினாலா என்பது தெரியாமலே போய்விடுகிறது.

### உணவு நேரமும் ஊசி நேரமும்

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் 1982 ஆம் ஆண்டு முதல் சத்துணவுத் திட்டம் நடைமுறையில் உள்ளது. 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டு, 2023 ஆகஸ்டு 25 முதல் அனைத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 சூலை 15 முதல் ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. பசியோடு பாடம் கேட்கும் நிலையை நீக்கிய இத்திட்டங்கள் நீரிழிவு உள்ள குழந்தைக்கும் உதவுவனவே. ஆயினும் இக்குழந்தைக்கு உணவின் நேரமும் அளவும் முன்கூட்டியே தெரிந்திருத்தல் இன்றியமையாதது.

இதற்குக் காரணம் இன்சுலின் இயங்கும் முறை. பல குடும்பங்கள் பயன்படுத்துவது, விரைவில் செயற்படும் இன்சுலினும் மெதுவாகச் செயற்படும் இன்சுலினும் கலந்த கலவை. இது காலையில் வீட்டில் உணவுக்கு அரை மணி நேரம் முன் செலுத்தப்படுகிறது. 7 மணிக்கு ஊசி போட்டுக்கொண்ட குழந்தை, பள்ளிக்குச் சென்று 8.30 மணிக்கு உப்புமாவோ பொங்கலோ உண்டால், இடைப்பட்ட நேரத்தில் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். அதே கலவையின் மெதுவான பகுதி ஏறத்தாழ 4 மணி நேரத்துக்குப் பின் உச்சத்தை நெருங்குகிறது. அது நண்பகல் உணவுக்கென அமைந்தது. உணவு வேளை அரை மணி நேரம் தள்ளிப்போனாலும் தாழ் சர்க்கரை வரலாம். எனவே குழந்தை எங்கே, எத்தனை மணிக்கு உண்ணும் என்பதைப் பெற்றோர் மருத்துவரிடம் கூறி, அதற்கேற்ப ஊசி நேரத்தை அமைத்துக்கொள்ள வேண்டும்.

அளவும் அவ்வாறே. நடுவண் அரசின் வரையறைப்படி நண்பகல் உணவில் தொடக்க நிலை மாணவருக்கு 100 கிராம், உயர் தொடக்க நிலை மாணவருக்கு 150 கிராம் தானியம் ஒதுக்கப்படுகிறது. 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து உள்ளது. நாள்தோறும் ஒரே கரண்டியால் ஒரே அளவில் சோறு இடுவதும், முட்டையையும் காய்கறியையும் தவறாமல் உண்ணச் செய்வதும், சத்துணவு அமைப்பாளரே செய்யக்கூடிய, செலவற்ற உதவிகள் ஆகும்.

### வெப்பமும் மின்தடையும்

திறக்கப்படாத இன்சுலின் குப்பிகளை 2 முதல் 8 பாகை செல்சியசு வெப்பநிலையில் வைத்திருக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள குப்பியை மிதமான அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 4 வாரங்கள் வைத்துக்கொள்ளலாம். சித்திரை, வைகாசி மாதங்களின் வெப்பத்தில் அது ஆற்றலை இழக்கும். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளில், குப்பியை நீர் புகாத சிறு கலத்தில் இட்டு, ஈரமணல் சூழ்ந்த மண்பானைக்குள் நிழலில் வைக்கும் வழக்கம் உண்டு. இது வெளி வெப்பநிலையைவிடச் சில பாகைகள் குளிர்ச்சியாக வைத்திருக்கும்.

கடலூர் மாவட்டம் புயலுக்கும் வெள்ளத்துக்கும் அடிக்கடி ஆளாவது. 2011 திசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலின்போது மாவட்டத்தின் பல பகுதிகளில் பல நாள்கள் மின்சாரம் இல்லை. 2015 இறுதியில் வந்த வெள்ளத்தில் பல ஊர்கள் நீர் சூழ்ந்து நின்றன. இத்தகைய காலங்களில் பள்ளி விடுமுறை முடிந்து திரும்பும் குழந்தையின் சர்க்கரை சீர்கெட்டிருக்க வாய்ப்புண்டு. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்பே ஒரு மாத இன்சுலினையும் ஊசிகளையும் கையிருப்பில் வைப்பது நன்று.

### மறைத்தல்

நோய் வெளியில் தெரிந்தால் பிற்காலத்தில் திருமணம் தடைப்படும் என்னும் அச்சத்தால், குறிப்பாகப் பெண் குழந்தைகளின் நோயைப் பள்ளிக்குத் தெரிவிக்காமல் மறைக்கும் குடும்பங்கள் உண்டு. மறைக்கும் குழந்தை பள்ளியில் ஊசி போட்டுக்கொள்வதில்லை. சர்க்கரை தாழ்ந்தாலும் யாரிடமும் சொல்வதில்லை. நண்பகல் ஊசி தவறுவதனால் பிற்பகல் வகுப்புகள் முழுவதும் உயர் சர்க்கரையிலேயே கழிகின்றன. மதிப்பெண் குறைகையில் அதற்கான காரணத்தை ஆசிரியர் அறிய வழியில்லை.

## தேர்வுகள்

மூன்று மணி நேரம் நீளும் பொதுத்தேர்வு, நீரிழிவு உள்ள மாணவருக்குத் தனிச் சிக்கலைத் தருகிறது. தேர்வு அச்சமே சர்க்கரையை உயர்த்தக்கூடும். தேர்வறையில் உண்ண இசைவு இல்லை எனில், தாழ் சர்க்கரைக்கு அஞ்சி மாணவர் அன்று காலை இன்சுலினைக் குறைத்தோ தவிர்த்தோ வருவதுண்டு. அதனால் உயர் சர்க்கரையுடன், தாகத்தோடும் களைப்போடும் தேர்வெழுத நேர்கிறது. அத்தேர்வில் பெறும் மதிப்பெண் அவரது அறிவின் அளவைக் காட்டுவதாக அமையாது.

இதனைக் கருதி, நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 2017 ஆம் ஆண்டில் 10, 12 ஆம் வகுப்புத் தேர்வெழுதும் முதலாம் வகை நீரிழிவு மாணவர்களுக்குச் சர்க்கரை மாத்திரை, பழம், சிற்றுண்டி, சிறு தண்ணீர்க் குப்பி ஆகியவற்றைத் தேர்வறைக்குள் கொண்டுசெல்ல இசைவளித்தது. 2023 ஆம் ஆண்டில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், வகுப்பறையிலும் தேர்வறையிலும் சர்க்கரையை அளக்கவும், இன்சுலின் செலுத்தவும், இடையே சிற்றுண்டி உண்ணவும் இக்குழந்தைகளை அனுமதிக்குமாறு மாநிலங்களின் கல்வித் துறைகளுக்கு எழுதியது. இத்தகைய சலுகையைக் கோரும் மாணவர், மருத்துவச் சான்றுடன் தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுக்குப் பல வாரங்கள் முன்னரே விண்ணப்பித்தல் வேண்டும்.

## சட்டமும் திட்டங்களும்

இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 வரையறுக்கும் குறைபாடுகளின் பட்டியலில் நீரிழிவு இடம்பெறவில்லை. ஆகவே அச்சட்டத்தின் கீழ்க் கிடைக்கும் தேர்வுச் சலுகைகளை இம்மாணவர்கள் தாமாகவே பெற இயலாது. ஐக்கிய அமெரிக்காவில் 1973 ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504 ஆம் பிரிவு, நீரிழிவு உள்ள மாணவருக்குத் தனிப் பராமரிப்புத் திட்டம் வகுக்க வழிசெய்கிறது. இங்கிலாந்தில் 2014 ஆம் ஆண்டின் சிறுவர், குடும்பங்கள் சட்டம் இத்தகைய மாணவருக்கு உதவுவதைப் பள்ளிகளின் கடமை ஆக்கியது.

கேரள அரசு 2018 ஆம் ஆண்டில் 'மிட்டாயி' என்னும் திட்டத்தைத் தொடங்கி, முதலாம் வகை நீரிழிவு உள்ள சிறுவர்களுக்கு இன்சுலினையும் கருவிகளையும் வழங்கி வருகிறது. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரின் 'இதயங்கள்' அறக்கட்டளை இத்தகைய சிறுவர்களுக்கு இலவசச் சிகிச்சை அளிக்கும் அமைப்புகளுள் ஒன்று.

## பள்ளி செய்யக்கூடியவை

* நோயுள்ள குழந்தையின் ஊசி நேரம், உணவு நேரம், வழக்கமான அறிகுறிகள், பெற்றோர், மருத்துவர் ஆகியோரின் தொலைபேசி எண்கள் அடங்கிய ஒரு பக்கக் குறிப்பை வகுப்பாசிரியரும் தலைமையாசிரியரும் வைத்திருத்தல்.
* சர்க்கரையை அளக்கவும் ஊசி போடவும் மறைவான, தூய்மையான ஓர் இடம் தருதல்.
* தண்ணீர் அருந்தவும் கழிப்பறை செல்லவும் எந்நேரமும் இசைவளித்தல்.
* விளையாட்டில் இருந்து விலக்காமல், விளையாட்டு வேளைக்கு முன் ஒரு வாழைப்பழமோ சிறிது சுண்டலோ உண்ணச் செய்தல்.
* மருத்துவமனை சென்ற நாள்களின் பாடங்களைத் திரும்பக் கற்பித்தல்.
* தாழ் சர்க்கரை ஏற்பட்ட வேளையில் எழுதிய சிறு தேர்வை மறுமுறை எழுத வாய்ப்பளித்தல்.

### தாழ் சர்க்கரைக்கு முதலுதவி

1. குழந்தையைத் தனியே எங்கும் அனுப்பாமல், இருக்கும் இடத்திலேயே அமர்த்த வேண்டும்.
2. இயன்றால் சர்க்கரையை அளக்க வேண்டும். அளக்க இயலாவிடின் தாழ் சர்க்கரை எனவே கொண்டு உதவ வேண்டும்.
3. ஏறத்தாழ 15 கிராம் சர்க்கரையை, அதாவது மூன்று தேக்கரண்டியை, நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். சிறு குழந்தைக்கு இதனினும் குறைவாகக் கொடுத்தல் போதும். கொழுப்பு கலந்த மிட்டாய்கள் மெதுவாகவே செயற்படும்.
4. 15 நிமிடங்கள் கழித்து மீண்டும் அளந்து, சரியாகவில்லை எனில் மறுமுறையும் கொடுக்க வேண்டும்.
5. சரியான பின், அடுத்த உணவுக்கு நேரமிருந்தால் பிஸ்கட்டோ பழமோ கொடுக்கலாம்.
6. குழந்தை நினைவிழந்தாலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108 அவசர ஊர்தியை உடனே அழைக்க வேண்டும்.

## ஆசிரியர் கண்டறியக்கூடிய அறிகுறிகள்

நீரிழிவு இன்னும் கண்டறியப்படாத குழந்தையிடம் முதலில் மாற்றத்தைக் காண்பவர் சில வேளைகளில் ஆசிரியரே ஆவார். சில வாரங்களுக்குள் அளவற்ற தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், நன்கு உண்டும் உடல் மெலிதல், வகுப்பில் உறங்கி விழும் அளவுக்குக் களைப்பு ஆகிய நான்கும் சேர்ந்து தோன்றினால், அன்றே குருதிச் சர்க்கரையைச் சோதிக்கச் செய்ய வேண்டும். சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதாகப் பெற்றோர் கூறுவதும், இரவில் படுக்கையை நனைக்கும் பழக்கம் புதிதாகத் தோன்றுவதும் கருதத்தக்கவை. நன்றாகப் படித்துவந்த மாணவர் ஓரிரு மாதங்களில் திடீரெனப் பின்தங்குவதும் இவற்றோடு சேர்ந்த ஓர் அறிகுறியாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இச்சோதனையைச் சில நிமிடங்களில் செய்துகொள்ளலாம்.

## தவறான கருத்துகள்

* நீரிழிவு தொற்றும்: தொற்றாது. உடன் அமர்வதாலோ உணவைப் பகிர்வதாலோ பரவாது.
* இன்சுலின் பழக்கமாகிவிடும்: இன்சுலின் போதைப்பொருள் அன்று. உடல் இயல்பாகச் சுரக்க வேண்டியதை வெளியிலிருந்து தருவதே ஊசி. மாற்று மருந்துகளை நம்பி முதலாம் வகையினர் இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாள்களிலேயே உயிருக்குத் தீங்கு நேரும்.
* இக்குழந்தைகள் மேற்படிப்புக்கு ஏற்றவர் அல்லர்: இன்சுலின் கிடைத்த முதல் ஆண்டிலேயே சிகிச்சை பெற்ற சிறுமி கல்லூரிப் பட்டம் பெற்றார். மருத்துவர், ஆசிரியர், பொறியாளர் எனப் பல பணிகளில் முதலாம் வகை நீரிழிவு உள்ளோர் உள்ளனர்.

## இவற்றையும் பார்க்கவும்

* நீரிழிவு நோய்
* இன்சுலின்
* கணையம்
* சத்துணவுத் திட்டம்
* உலக நீரிழிவு நாள்
* கீரப்பாளையம் ஊராட்சி ஒன்றியம்